குழாய் திறந்த பிறகும்

நான் வேலை பார்த்த கம்பெனியின் வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நிற்கும். விபத்து இல்லாமல் ஓடிய நாட்கள் இத்தனை என்று அதில் எழுதியிருப்பார்கள். எழுத்து மாறாது, எண் மட்டும் தினமும் மாறும். தகரத் துண்டுகளில் எழுதிய எண்களை வாசல் காவலர் காலையில் கழற்றி மாட்டுவார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் சாலையோரத்தில் இப்படிப் பலகை வைக்காத கம்பெனி அநேகமாக இல்லை. பஸ்ஸில் போகும்போது மற்ற கம்பெனிகளின் எண்ணைப் படித்து, நம்முடையது முந்துகிறதா என்று பார்ப்போம். அதற்கும் பந்தயம் கட்டிய ஆட்கள் எங்கள் பஸ்ஸில் இருந்தார்கள்.

ஒரகடத்தில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எண் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டால் எல்லாருக்கும் பரிசு என்று நிர்வாகம் அறிவித்தது. பரிசு பெரிதாக ஒன்றுமில்லை, சூடு ஆறாத எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி. கேன்டீனில் வேளாவேளைக்குச் சோறு போடுகிற கம்பெனி எதற்குச் சாப்பாட்டுப் பெட்டி கொடுக்கிறது என்று நான் கேட்டேன். உண்மையில் ஆசை பெட்டி மேல் இல்லை. நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒரே மாதிரி ஒரு பொருள் கொடுக்கப்போவது அதுதான் முதல் தடவை. தீபாவளிக்கு நிரந்தர ஆட்களான எங்களுக்கு ஒரு கிலோ ஸ்வீட் என்றால் அவர்களுக்குக் கால் கிலோ. தெற்கேயிருந்து வந்து, ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்துக்கொண்டு வேலைக்கு வந்த பிள்ளைகள் அந்தப் பெட்டியை ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்கு முந்தைய வருஷம் ஒரு தடவை எண் மேலே ஏறிக்கொண்டு வந்தபோது, பிரஸ் பிரிவில் ஒருவனுக்கு விரல் நசுங்கிவிட்டது. கம்பெனி ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது. மறுநாள் காலை பலகையில் பூஜ்ஜியம். அவனுக்குப் பெயரே ஜீரோ என்றாகிவிட்டது. தையல் பிரித்த பிறகும் பெயர் போகவில்லை. கேன்டீனில் தட்டோடு வந்து உட்கார்ந்தால், இன்னா ஜீரோ, சாப்ட்டியா என்பார்கள். நானும்தான் கூப்பிட்டேன், எல்லாரும் கூப்பிட்டோம். ஒரு நாள் அவன் வேலையை விட்டுவிட்டு தன் ஊரான வடக்குப்பட்டிலேயே ஏதோ கடை வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டானது. ஆம்புலன்ஸ் ஆளை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டினால் எண் போச்சு. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. சூப்பர்வைசரும் அதைத்தான் சொன்னார், துப்புரவு செய்கிற அம்மாவும் அதைத்தான் சொன்னார். தலைசுற்றல், வாந்தி, காய்ச்சல் எது வந்தாலும் முதலுதவி அறைக்குப் போகாமல் தள்ளிப்போடப் பழகினோம். அங்கே இருந்த நர்ஸ் பயந்த சுபாவம். கொஞ்சம் முகம் சுருங்கினால் போதும், வண்டியைக் கூப்பிட்டுவிடும்.

பரிசு எண்ணுக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது எனக்கு நெஞ்சு வலி வந்தது.

முதல் ஷிப்ட். காலை டீ வந்துபோன சமயம். நான் எந்திரப் பிரிவில் மூத்த ஆபரேட்டர். முதலில் வலி நெஞ்சில் இல்லை, தாடையில் வந்தது. பல்வலியோ என்று நாக்கால் தடவிப் பார்த்தேன். பிறகு இடது தோளுக்கு இறங்கி, நெஞ்சு நடுவில் யாரோ முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. வேர்த்துக் கொட்டியது. காலையில் கேன்டீனில் தின்ற பூரியைத் திட்டினேன். பக்கத்து எந்திரத்தில் இருந்தவன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். வாலாஜாபாத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான், என் வீடும் அங்கேதான், ஒரே பஸ், என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவான். பையில் வைத்திருந்த வாயு மாத்திரையைக் கொடுத்தான். சோடா வாங்கி வந்து கொடுத்தான். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை.

முதலுதவி அறைக்குப் போவோமா என்று அவன் ஒரு தடவை கேட்டான். நான் அவனை முறைத்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும், அவனுக்கும் அது தெரியும். அவன் பலகை இருக்கிற திசையைப் பார்த்தான், நானும் பார்த்தேன். இன்னொரு ஜீரோவாகி அந்தக் கேன்டீனில் உட்கார என்னால் முடியாது. வலியோடு நிற்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஷிப்ட் முடியும் வரை எந்திரத்தின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியதுதான் அடுத்த முட்டாள்தனம். வெளியே வந்து ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்திருந்தால் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் வருஷக்கணக்காக ஷிப்ட் முடிந்தால் கால் தானாகப் போய் பஸ்ஸில் ஏறும். நான் ஜன்னல் ஓரம், தூத்துக்குடிக்காரன் பக்கத்தில். இருக்கைகளுக்கு நடுவில் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். பிள்ளைப்பாக்கம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கண்டெய்னர் லாரிகள், பின்னாலும் கண்டெய்னர் லாரிகள். பாலத்து வேலைக்காகச் சாலையைப் பாதியாக்கி வைத்திருந்தார்கள். ஏசி பஸ், ஜன்னல் திறக்காது. கண்ணாடிக்கு வெளியே ஒருவன் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டு போனான். அவனுக்கு இருக்கிற காற்று எனக்கு இல்லையே என்று அவன் மேல் பொறாமையாக இருந்தது. எழுந்து வெளியே போக வேண்டும் என்று உடம்பு முழுக்க அடித்துக்கொண்டது. ஆனால் கால் எழவில்லை.

தூத்துக்குடிக்காரன் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது வாயு இல்ல. மூஞ்சி வெளுத்துப்போச்சு. நான் வண்டிய நிப்பாட்டச் சொல்லுதேன்."

நிற்கிற வண்டியை எங்கே நிறுத்துவது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. அவன் முன்னால் போய் டிரைவரிடம் கத்தினான். டிரைவர் ஒப்பந்தக்காரரின் ஆள். நிறுத்தம் அல்லாத இடத்தில் கதவைத் திறந்தால் தன் வேலை போய்விடும் என்றார், திறந்தாலும் இந்த நெரிசலில் எங்கே கொண்டுபோவீர்கள் என்றும் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. பஸ்ஸில் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் வெந்நீர் கொடுக்கச் சொன்னார், ஒருவர் படுக்க வைக்கச் சொன்னார். படுக்க இடம் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. வண்டி அங்குலம் அங்குலமாக ஊர்ந்து ஒரகடம் தாண்டி, வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது.

வாலாஜாபாத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தத் தாளைப் பார்த்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான்கைந்து மாத்திரைகளை மென்று தின்னக் கொடுத்து, சென்னைப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். வீட்டிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குக் கிளம்பியிருந்தவள், வெள்ளைப் புடவையோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். தூத்துக்குடிக்காரனும் ஏறினான்.

ஆம்புலன்ஸ் வந்த வழியே திரும்பியது. வேறு வழி இல்லை, அதே சாலை, அதே பாலம், அதே லாரிகள். நான் மல்லாந்து கிடந்தேன், மூக்கில் பிராணவாயு, மேலே வண்டியின் கூரை மட்டும் தெரிந்தது. எங்கே இருக்கிறோம் என்று கேட்டேன். தூத்துக்குடிக்காரன் கண்ணாடி வழியாகப் பார்த்து, கம்பெனியைத் தாண்டுதோம் அண்ணாச்சி என்றான். காலையிலிருந்து எந்த இடத்தைவிட்டு ஆம்புலன்ஸில் போகக் கூடாது என்று நின்றேனோ, அந்த இடத்தை ஆம்புலன்ஸிலேயே தாண்டிக்கொண்டிருந்தேன். பலகையில் எண் அப்படியே இருக்கிறதா என்று நான் கேட்டதாகப் பிறகு மனைவி சொன்னாள். எனக்கு நினைவில்லை. கேட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா குள்ளமாக இருந்தார், எக்ஸ்ரே கதிர் படாமல் இருக்க மேலே கனமான கவசம் போட்டிருந்தார். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். காலை டீ நேரம் என்றேன். கையில் இருந்த வேலையை ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை, ஆனால் கேட்டதாகவே எனக்குப் பட்டது. பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன் என்று நானாகவே சொன்னேன்.

மேஜை குறுகலானது, திரும்பினால் விழுந்துவிடலாம். வலது கையைப் பலகையில் நீட்டிக் கட்டினார்கள். கழுத்து வரை பச்சைத் துணி. மயக்க மருந்து இல்லை, மணிக்கட்டு மட்டும் மரத்துவிட்டது. பக்கத்தில் பெரிய திரை, அதில் என் நெஞ்சு. மணிக்கட்டு வழியாகக் கம்பி உள்ளே போனது. மை மாதிரி ஏதோ செலுத்தினார்கள், ரத்தக்குழாய் ஒன்று கிளைவிட்டு ஓடி, நடுவில் கத்தரித்த மாதிரி நின்றது. அங்கேதான் அடைப்பு என்று ஒருவர் சொன்னார். உறைந்த ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார்கள். பலூனை விரித்தார்கள். ஸ்டென்ட் என்கிற வலைக் குழாயை வைத்தார்கள். மறுபடி மை செலுத்தியபோது குழாய் முழு நீளத்துக்கும் தெரிந்தது. எனக்கே தெரிந்தது, அடைப்பு போய்விட்டது. இறங்கி நடந்து போய்விடலாம் என்று நினைத்தேன்.

மை குழாயில் இறங்கியது, ஆனால் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் தயங்கித் தயங்கி நின்று, அங்கேயே கிடந்து மங்கியது. என் வலியும் போகவில்லை, முழங்கை இன்னும் நெஞ்சில்தான் ஊன்றியிருந்தது. டாக்டர் அம்மா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார்.

"உங்க ஊர்ல ஏரி இருக்கா? மதகு திறந்தாச்சு. ஆனா வாய்க்கால் எல்லாம் தூர்ந்துபோய்க் கிடக்கு, வயலுக்குத் தண்ணி இறங்கல. பெரிய குழாய் திறந்துடுச்சு, தசைக்குள்ள போற நுண்ணிய குழாய்ங்க இன்னும் திறக்கல. அதுக்குத்தான் இப்ப மருந்து குடுக்கப்போறேன்."

எங்கள் ஊர் ஏரிக்கு மதகு இன்னும் இருக்கிறது, வயல்தான் கம்பெனிகளுக்குப் போய்விட்டது என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ரத்தம் இறங்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்த இடத்துத் தசை செத்துப்போகும், நெஞ்சு பலமாக அடிக்காது என்றார். அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, சொன்ன விஷயம்தான் பிடிக்கவில்லை.

மருந்தை அந்த மணிக்கட்டு வழியாகவே நேராக நெஞ்சுக்குள் செலுத்தினார்கள். ஒரு மாதிரி இருக்கும், பயப்படாதீங்க என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு மாதிரி என்ற சொல்லை நான் அன்றோடு விட்டுவிட்டேன். நெஞ்சு நின்றுவிட்டது. முகம் எரிந்தது, மூச்சு எங்கோ போய்விட்டது, இதோ சாகிறேன் என்று உடம்பின் ஒவ்வொரு மயிருக்கும் தெரிந்தது. பிறகு நெஞ்சு மறுபடி அடித்தது. மை செலுத்திப் பார்த்தார்கள். கொஞ்சம் நகர்ந்தது, போதவில்லை. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி செத்துப் பிழைத்தேன். பிறகு வேறு மருந்து. அதற்கு ரத்த அழுத்தம் இறங்கியது, ஒரு நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுந்து ஓட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. கட்டிய கையை இழுத்தேன். அசையாதீங்க என்று யாரோ தோளை அழுத்தினார்கள். திட்டினேன், நல்ல கெட்ட வார்த்தையாகவே திட்டினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் தொடை வழியாக இன்னொரு குழாயைச் செலுத்தி, வயிற்றுக்கு மேலே பெரிய ரத்தக்குழாயில் ஒரு பலூனை வைத்தார்கள். நெஞ்சு ஒரு தடவை அடித்து ஓயும்போது அது விரியும், நெஞ்சுக்கு ரத்தத்தைத் தள்ளிக் கொடுக்கும். அதற்குப் பிறகு மை கொஞ்சம் வேகமாக ஓடியது. கொஞ்சம் இறங்கியிருக்கு என்றார் டாக்டர் அம்மா. முழுசா இல்லையா என்றேன். இல்லை என்றார்.

பிறகு நான் கிடந்த கிடப்பைச் சொல்ல வேண்டும். பலூன் போன கால் மடங்கக் கூடாது. முழங்காலுக்கு மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் எந்திரம் என் நெஞ்சோடு சேர்ந்து டப் டப் என்று அடித்துக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் கையில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து சொட்டுச் சொட்டாக. எந்திரத்தோடு வேலை செய்வது என் பிழைப்பு. எந்திரத்தை நிறுத்தினால் நான் நின்றுவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டே கிடப்பது பிழைப்பு இல்லை. ஷிப்ட் முழுக்க நிற்கிறேனே என்று அலுத்துக்கொண்டவன், ஐந்து நிமிஷம் நிற்க விட மாட்டார்களா என்று ஏங்கினேன். மூத்திரத்துக்குக்கூட எழ முடியாது. குழந்தை மாதிரி அழுதேன் என்று சொன்னால் குழந்தைக்குக் கேவலம்.

மனைவி டாக்டர் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், முன்னாடியே வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் வந்திருந்தால் அந்த நுண்ணிய குழாய்கள் இவ்வளவு கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் நேராக வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றாள். காலைல இருந்து இன்னாத்துக்கு வாய மூடிகினு இருந்தீங்க என்றாள். பலகையைப் பற்றிச் சொன்னேன். ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டினால் பூஜ்ஜியம் என்பதையும், ஒப்பந்தப் பிள்ளைகளின் பெட்டியையும் சொன்னேன். ஜீரோ என்று பெயர் வாங்கியவனைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணில் வேறு ஏதோ வந்தது, என்னை அப்படி அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

போதகர் ஜெபம் பண்ண வந்தபோது அவள் அதைச் சொல்லிவிட்டாள். அத்தனை பேருக்காக அவரு நோவப் பொறுத்துகினு நின்னாருங்க ஐயா என்றாள். போதகர் கண்ணை மூடி, இந்த மகனுடைய இருதயத்தின் அடைப்பை நீக்கும் ஆண்டவரே என்று ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. அடைப்பு நீங்கிடுச்சு ஐயா, ரத்தம் இறங்கணும்னு கேளுங்க என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே திருத்திக்கொண்டு, சிறு குழாய்கள் எல்லாவற்றையும் திறந்தருளும் என்று கேட்டார். நான் ஆமென் சொன்னேன். மனசார ஒரு ஜெபத்துக்கு ஆமென் சொன்னது அது ஒன்றுதான்.

பலூனை எடுத்த பிறகு ஒரு நாள் தூத்துக்குடிக்காரன் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். எண் வந்துவிட்டது, எல்லாருக்கும் கொடுத்தார்கள், இது உங்களுடையது என்றான். உள்ளே பளபளவென்று சாப்பாட்டுப் பெட்டி, மூடியில் கம்பெனியின் பெயர். என் மனைவி அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்கும் காட்டினாள், பலகைக் கதை முழுதும் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க எனக்கே நான் நல்லவனாகத் தெரிந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது எக்கோ படத்தைக் காட்டி விளக்கினார் டாக்டர் அம்மா. நெஞ்சின் முன்பக்கச் சுவரும் நுனியும் அசையவில்லை. செத்துவிட்டதா என்றேன். தூங்கிக்கொண்டும் இருக்கலாம், ரத்தம் தாமதமாக இறங்கிய தசை சில சமயம் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்து பிறகு எழும், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். எழுந்தால் பழையபடி லைனில் நிற்கலாம், எழாவிட்டால் நிற்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டின் இரண்டு அறைக்குள் கிடந்தேன். வாலாஜாபாத்துக்கு வெளியே புதிதாக மனை போட்ட இடம், சுற்றிலும் எங்களைப் போல சர்ச் குடும்பங்கள். ஷிப்டுக்கு ஷிப்ட் கம்பெனி பஸ்கள் முனையில் வந்து ஹாரன் அடிக்கும். முதல் ஷிப்ட் ஹாரனுக்கு உடம்பு தானாக எழும். எழுந்தால் மனைவி படுக்கச் சொல்வாள். நடக்கச் சொன்ன அளவுக்குமேல் நடந்தால் மூச்சு வாங்கும், அதற்குக் கீழே நடந்தால் பைத்தியம் பிடிக்கும். உப்பில்லாத சாம்பாரைத் தட்டோடு ஒரு தடவை தள்ளிவிட்டேன். அவள் அதைத் துடைத்துவிட்டு வேறு தட்டு வைத்தாள். பெரிய மனசுக்காரனின் மனைவி என்று பக்கத்துப் பெண்கள் அவளை மதித்தார்கள், அதனால் என் கோபத்தையும் சேர்த்துப் பொறுத்துக்கொண்டாள். நெஞ்சுக்குள்ளே நுனி எழுந்துவிட்டதா என்று படுத்தபடியே கையை வைத்துப் பார்ப்பேன். அடிப்பது தெரியும், எது அடிக்கிறது, எது அடிக்கவில்லை என்று கைக்கு எப்படித் தெரியும்.

மறுபடி எக்கோ எடுத்தார்கள். முன்பக்கச் சுவரில் பாதி எழுந்திருந்தது. நுனி எழவில்லை. டாக்டர் அம்மா படத்தில் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். மற்ற இடமெல்லாம் சுருங்கி விரிய, அது மட்டும் சும்மா கிடந்தது. இனிமேல் எழாதா என்றேன். எழாது என்று நினைக்கிறேன், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் இருக்கிற தசையை வைத்து நன்றாக வாழலாம் என்றார். வேலைக்குப் போகலாம், பாரம் தூக்கக் கூடாது, லைனில் நிற்கக் கூடாது. மனைவி ஸ்தோத்திரம் சொன்னாள். உயிரோடு இருக்கிறாரே என்று அவளுக்கு நிம்மதி. எனக்கு அந்தச் சும்மா கிடந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

கம்பெனியில் எனக்கு வாசல் அறையில் வேலை கொடுத்தார்கள். நாற்காலி, தொலைபேசி, வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு. கேன்டீன் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்பதால் மனைவி வீட்டிலிருந்தே சோறு கட்டினாள், அந்தப் பரிசுப் பெட்டியில். முதல் நாள் மூடியைத் துடைத்து, என் கையில் கொடுத்து, கர்த்தர் பார்த்துக்கினு இருக்காரு என்றாள். காலையில் பலகையின் எண்ணை மாற்றுவதும் இனி என் வேலை என்று வாசல் காவலர் சொல்லிவிட்டார். அவருக்கு முழங்கால் வலி, ஏணியில் ஏற முடியாது, நான் இரண்டு படி ஏறலாம்.

எண்ணை மாட்டிவிட்டு இறங்கும்போது விபத்துக் கணக்குப் பார்க்கிற பாதுகாப்பு அதிகாரி பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று அன்பாகத்தான் விசாரித்தார். நல்ல மனுஷன். அன்று வலி வந்தபோது வண்டியைக் கூப்பிடாததைப் பற்றிப் பேச்சு வந்தது. எண் போய்விடும் என்று நின்றேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"ஹார்ட் அட்டாக் ஆக்சிடென்ட் கணக்குல வராதுங்க. வேலையில அடிபட்டாத்தான் அந்த போர்டு. நீங்க வண்டில போயிருந்தாலும் நம்பர் அப்படியேதான் இருந்திருக்கும். ஜீரோ ஆயிடும்னு யார் சொன்னா உங்களுக்கு?"

யார் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். ஜீரோவின் விரல் நசுங்கியதால் வந்த பூஜ்ஜியத்தை, வண்டி போனதால் வந்ததாக நாங்களே முடிச்சுப் போட்டுக்கொண்டோம். ஒருவனும் கேட்கவில்லை. அவர் அலுவலகம் என் எந்திரத்திலிருந்து கூப்பிடு தூரம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவரும் ஒரு தடவை எங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம் என்று அவர் மேல் கோபம் வந்தது. பிறகு எல்லார் மேலும் வந்தது. கோபத்துக்கு நெஞ்சு படபடத்தது, ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்குச் சோறு உள்ளே இறங்கவில்லை, பெட்டியை அப்படியே கொண்டுபோனேன்.

வீட்டில் அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். மறைத்துவிடலாம் என்றுதான் வழி முழுக்க நினைத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கையில் அந்தப் பெட்டி இருந்தது, பொய் வரவில்லை. அதிகாரி சொன்னதைச் சொன்னேன். ஜீரோ என்று பெயர் வாங்கியவனைப் பற்றியும் சொன்னேன், எனக்கும் அந்தப் பெயர் வந்துவிடும் என்று பயந்ததையும் சொன்னேன். அவள் மூடியைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு கம்பெனி ஆம்புலன்ஸ் வண்டி எங்க நின்னுகினு இருந்துச்சு?"

"கேட்டாண்ட. நான் பஸ் ஏறின எடத்துக்கு நேரா எதிர்ல."

பெட்டியில் ஆறாமல் இருந்த சோற்றைத் தட்டில் கொட்டி எனக்கு வைத்தாள். பெட்டியைக் கழுவித் துடைத்துப் பரண் மேல் போட்டாள். மறுநாள் காலை சோறு பழைய தூக்குச் சட்டியில் வந்தது.